மருந்து சேராத ஊர்

வெள்ளெருக்கம்பட்டியில் தூளும் தூளும் ஒன்றோடொன்று சேர மறுக்கிற சங்கதி, ஆடிக்காற்று கரிசல் மண்ணை வாரி வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பகலில், அரசு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் கலவையைப் பிரித்து முடித்துவிட்டுச் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடிய பிறகு ஆரம்பித்தது.

அந்த ஆய்வகத்துக்கு எந்த வருஷமும் கேட்ட சாமான் வந்ததில்லை. அதனால் மணல், உப்பு, இரும்புத்தூள், நவச்சாரம் நான்கும் கலந்த ஒரே பொடியைத்தான் பிள்ளைகள் வருஷக்கணக்காகப் பிரித்து வந்தார்கள். தாள் சுற்றிய காந்தத்தால் இரும்பை எடுப்பார்கள். மிச்சத்தைப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு மேலே புனலைக் கவிழ்த்துச் சூடு காட்டினால் நவச்சாரம் புகையாய்க் கிளம்பிப் புனலின் உட்சுவரில் வெள்ளையாகப் படியும். மீந்ததைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் மணல் வடிதாளில் நிற்கும். வடிந்த தண்ணீரை வற்றவிட்டால் உப்பு. பிரித்த நான்கையும் காயவைத்து, மறுபடி ஒன்றாகக் கொட்டிக் கிளறி, பாட்டிலில் அடைத்து அடுத்த வகுப்புக்கு எடுத்துவைப்பது டீச்சரின் வேலை. அக்கா பிரித்த உப்பையே தங்கையும் பிரித்தாள், அவளுக்குப் பின்னால் வந்தவளும் பிரித்தாள், உப்பு மட்டும் பள்ளியை விட்டுப் போகவே இல்லை.

டீச்சரின் பெயர் மாரிக்கனி. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சம்பளத்தில் வேலை பார்த்தாள். அவளுடைய வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனாலேயோ என்னவோ, எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அன்றைக்கு நான்கு குவியலையும் பீங்கான் கிண்ணத்தில் கொட்டிக் கரண்டியால் கிளறினாள். கரண்டியை எடுத்ததும், சந்தைக் கூட்டத்தில் தங்கள் வீட்டாளைத் தேடிப் போகிறவர்களைப் போல இரும்பு ஒரு பக்கமும் மணல் ஒரு பக்கமும் நகர்ந்தன. உப்பும் நவச்சாரமும், இரண்டும் வெள்ளையாக இருந்தும், நடுவில் ஒரு மயிரிழை இடம் விட்டுத் தள்ளித் தள்ளி நின்றன. திரும்பக் கிளறினாள். திரும்பவும் பிரிந்தன. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, பயம்தான் வந்தது. எது நடந்தாலும் தன் கைப்பிழை என்று நினைத்துப் பழகியவள். ஈரம் போகக் காயவில்லை போலிருக்கிறது என்று கிண்ணத்தை வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போனாள்.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் காந்தத்தைப் பொடிக்கு மேலே பிடித்துக் காட்டும்போது, இரும்பெல்லாம் எழுந்து வந்து தாளில் ஒட்டியதைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்கையில், அவள் மனதில் ஒரு நினைப்பு ஓடியிருந்தது: இந்த ஊரில் எல்லாமே இப்படித் தனித்தனியாக நின்றுவிட்டால், சாயந்தரம் எங்கம்மா முழுசாக வீடு வந்து சேருவாள். ஒரு நினைப்பு இவ்வளவு செய்யுமா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக அவள் சொல்வதில்லை.

அவள் அம்மா வேலுத்தாய் ஊருக்கு வடக்கே இருந்த வெடி ஆலையில் மருந்து ரூமில் வேலை பார்த்தாள். வெடிக்குள் அடைக்கிற பொடிக்கு அங்கே மருந்து என்று பெயர். வெள்ளை, மஞ்சள், வெள்ளி நிறத்துப் பொடிகளைத் தரையில் விரித்த காகிதத்தின் மேல் கொட்டி, வெயில் ஏறும் முன்னே, விடிகாலைக் குளிர்ச்சியிலேயே, கையால் அளாவிச் சல்லடையில் சலித்து ஒன்றாக்க வேண்டும். தனியாக இருக்கும்வரை அவை சும்மா கிடக்கும். சேர்ந்த பிறகுதான் அவற்றுக்கு உயிர் வரும். ஊரில் மற்றவர்கள் எல்லாம் குழாய் சுற்றுவார்கள், திரி வைப்பார்கள், பெட்டியில் அடுக்குவார்கள். மருந்து ரூமுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை யாரும் சத்தம் போட்டுத் திட்டமாட்டார்கள்.

சாயந்தரத்துக்குள் அந்தப் பிரிவு ஊருக்குள் வந்துவிட்டது. அடுத்த வீட்டுப் பாண்டியம்மாள் சாம்பார்ப் பொடி டப்பாவைத் திறந்தால் மல்லி அடியில் ஒரு அடுக்கு, மிளகாய் அதற்கு மேலே ஒரு அடுக்கு, மஞ்சள் மேலாக ஒரு மெல்லிய வட்டம். மாவு மில்காரனை ஏழு தெரு கேட்கத் திட்டினாள். அப்புறம் ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டியபோது கல்லெல்லாம் தானாக உருண்டு ஓரத்துக்குப் போவதைப் பார்த்துவிட்டு, திட்டுவதைப் பாதியில் நிறுத்திக்கொண்டு வேலுத்தாயைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாரு மயினி. கல்லு அதுபாட்டுக்கு நடந்துபோயி ஒதுங்கி உக்காந்துருச்சு."

"அதுக்காச்சும் ஒதுங்கத் தெரியுதே. ஒம் புருசனுக்குத் தெரியலையே" என்றாள் வேலுத்தாய்.

ஈரமானது எதுவும் மாறவில்லை. குழம்பில் உப்பு கரைந்தது, டீயில் சீனி கரைந்தது. காய்ந்த தூளும் காய்ந்த மணியும்தான் ஒன்றையொன்று பொறுக்கவில்லை. கொத்தனார்கள் சிமெண்டில் முதலிலேயே தண்ணீரை ஊற்றி, பிறகு மணலைப் போடக் கற்றுக்கொண்டார்கள். பூசாரி திருநீற்றுக்கும் குங்குமத்துக்கும் ஒரே தட்டு போதும் என்று கண்டுபிடித்தார். ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்க யாருக்கும் பொழுதில்லை. இனி இதை வைத்துக்கொண்டு எப்படிச் சமைப்பது, எப்படிக் கட்டுவது என்றுதான் கேட்டார்கள், அதற்கும் பதிலை அவர்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அந்த வாரம் ஒரு சாவு விழுந்தது. மறுநாள் சாம்பல் அள்ளப் போனவர்கள், விறகின் சாம்பல் ஒரு பக்கம் மலைபோலவும் ஆளின் சாம்பல் ஒரு பக்கம் கைப்பிடி அளவுக்கும் பிரிந்து கிடப்பதைப் பார்த்து, இவ்வளவுதானா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சொம்பில் அள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

மருந்து ரூமிலும் அதேதான் நடந்தது. வேலுத்தாயும் அவள் கூட்டாளிகளும் காகிதத்தில் அளாவி அளாவிப் பார்த்தார்கள். கையை எடுத்தால் போதும், வெள்ளை இந்த மூலைக்கும் மஞ்சள் அந்த மூலைக்கும் போய் நிற்கும், வெள்ளி நடுவில் கோடு போட்டதுபோல் கிடக்கும். போர்மேன் குருவையா வாசலில் நின்று சத்தம் போட்டார். அப்போதுதான் ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்து இன்னொருத்தி சிரித்தாள். மருந்து ரூமுக்குள் யாரும் சிரிப்பதில்லை, தும்முவதற்கே யோசிப்பார்கள். அன்றைக்கு அவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து வேலுத்தாய் கை கழுவியபோது, உள்ளங்கைக் கோடுகளில் எத்தனை சோப்புக்கும் போகாமல் ஊறிக் கிடந்த வெள்ளிப் பொடி, வெங்காயச் சருகு உரிவதுபோல் உரிந்து தண்ணீரோடு போய்விட்டது. அவள் கையை விரித்து மகளிடம் காட்டினாள்.

"ஏய் மாரி, எனக்கு ரேக இருக்குடி."

மாரிக்கனி அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "ஆயுள் ரேக நீளமாத்தான் இருக்கு" என்றாள். அந்த ஆவணி மாதம் முழுக்க அவள் பயமில்லாமல் தூங்கினாள்.

ஆனால் மருந்து இல்லாமல் வெடி இல்லை. குழாய்கள் சுற்றிச் சுற்றி மலையாகக் குவிந்தன, அவற்றுக்குள் அடைக்க ஒன்றும் இல்லை. முதலில் மருந்து ரூம்காரிகளை நிறுத்தினார்கள். பிறகு அடைப்பவர்களை நிறுத்தினார்கள், பிறகு சுற்றுபவர்களை, பிறகு பெட்டி ஒட்டுபவர்களை. தூரத்து ஆலைகளுக்கு வேலை தேடி வேனில் போனவர்கள் மத்தியானத்துக்குள் திரும்பி வந்தார்கள். அவர்கள் கை பட்ட இடத்தில் அங்கே ஏற்கனவே கலந்து வைத்திருந்த மருந்தும் பிரிந்துவிட்டதாம். வெள்ளெருக்கம்பட்டி ஆள் என்றால் பக்கத்து ஊர்க் கடைகளில் பருப்பைக்கூடத் தொடவிடவில்லை, காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி எட்டத்தில் வைத்தார்கள். வெளியூரில் கலந்த மருந்தை லாரியில் கொண்டுவந்தும் பார்த்தார்கள்; ஊர் எல்லையைத் தாண்டும்போது அது மூட்டைக்குள்ளேயே பிரிந்தது. தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் ஆலையை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று முதலாளி சொல்லி அனுப்பினார்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. வெடி காயப்போடுகிற களங்களில் காக்கைகள் கூட்டமாக இறங்கி, எதையும் கொத்தாமல், சும்மா உட்கார்ந்திருந்தன. சத்தமே இல்லாத ஊரில் நாய்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பகலெல்லாம் ஊளையிட்டன. வகுப்பில் ஒவ்வொரு பெஞ்சாகக் காலியானது. எங்கே அவள், என்று மாரிக்கனி கேட்டால், "நூல் மில்லுக்குப் போயிட்டா டீச்சர், அங்கேயே ஆஸ்டல் இருக்காம்" என்று மிச்சமிருந்தவர்கள் சொன்னார்கள்.

காலாண்டுத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒருவர் செய்முறையைப் பார்வையிட வருகிறார் என்று புரட்டாசியில் தாக்கல் வந்தது. தலைமை ஆசிரியை ஜெயகுரு டீச்சர் மாரிக்கனியைக் கூப்பிட்டார்.

"பவுடர் முதல்லயே பிரிஞ்சு கெடந்தா பிள்ளைங்க என்னத்தப் பிரிக்கும், சொல்லுங்க? எப்படியாச்சும் கலந்து வைங்க. வர்றவருக்கு ஊர்க் கதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது."

மாரிக்கனி கரண்டியால் கலந்தாள், கண்ணாடிக் கம்பியால் கலந்தாள், பாட்டிலில் போட்டுக் கை வலிக்கக் குலுக்கினாள். நான்கும் நான்காகவே நின்றன. சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த முத்துக்கொடி என்கிற பதினோராம் வகுப்புப் பிள்ளை, பாவம் டீச்சர் என்பதுபோல் பார்த்தாள். வேதிப்பொருளைக் கையால் தொடாதே என்று அந்த ஆய்வகத்துச் சுவரில் எழுதியவளே மாரிக்கனிதான். இருந்தும், வேறு வழி தெரியாமல், வலது கையைக் கிண்ணத்துக்குள் விட்டு அளாவினாள். விரல்களுக்கு நடுவே பொடி ஒரு கணம் சிலிர்த்தது. கையை எடுத்தாள். கிண்ணத்தில் ஒரே நிறமாய், சாம்பலாய், ஒரே பொடி கிடந்தது.

"டீச்சர்! சேந்துருச்சு டீச்சர்!" முத்துக்கொடி ஈரக்கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள்.

"சத்தம் போடாத. யார்ட்டயும் சொல்லாத, என்ன?"

"சொல்ல மாட்டேன் டீச்சர். சத்தியமா."

முத்துக்கொடியின் வீட்டில் அன்றைக்குக் கஞ்சித்தண்ணிதான். ஆலையில் குழாய் சுற்றி வந்து இப்போது வேலை இழந்த அவள் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்படிப் படுத்திருக்கிற அம்மாவிடம் சொல்லாமல் ஒரு நல்ல சேதியை ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் வாய்க்குள் வைத்திருக்கும்?

பொழுது சாயும் முன்னே குருவையா மாரிக்கனியின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். அவர் பின்னால் பாதித் தெரு நின்றது. வேலுத்தாய் நிலைப்படியில் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அவ படிச்ச பிள்ள. அவளுக்கு மருந்தும் தெரியாது, மண்ணும் தெரியாது."

"தெரிய வேணாம் வேலுத்தாயி. கைய வச்சாப் போதும்" என்றார் குருவையா, சாந்தமாக.

"எங் கையி வேகட்டும், அவ கையி சிலேட்டப் பிடிக்கட்டும்னுதான நான் இத்தன வருசம் அந்த ரூமுக்குள்ள கெடந்தேன். ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். யாரு இல்லன்னா?" அவர் வேலுத்தாயின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "டீச்சர், நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. ஒங்க கையில சேந்துச்சாமே. நெசமா?"

தெரு மொத்தமும் மூச்சை நிறுத்திக்கொண்டு பார்த்தது. வேலுத்தாய் திரும்பி மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று மாரிக்கனிக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவள் படித்த படிப்பு முழுவதும் ஒரே ஒரு பழக்கத்தில் வந்து நின்றிருந்தது: கண்டதைக் கண்டபடி சொல்வது. பயந்தவர்களுக்கு அந்த ஒரு பழக்கம்தான் பிடிமானம். அதையும் விட்டுவிட்டால் தன்னிடம் வேறென்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆமா" என்றாள். "சேந்துச்சு."

கூட்டம் போன பிறகு வேலுத்தாய் அடுப்படியில் உட்கார்ந்து வெறும் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லன்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த. அத மட்டும் சொல்லித் தரலயா ஒங்க காலேஜில?"



அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவளை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. யார் வீட்டில் எது இருந்ததோ அது அவள் வீட்டுக்கு வந்தது. முருங்கைக்காய் வந்தது, ஒரு சொம்பு மோர் வந்தது, முட்டையிடுகிற கோழி ஒன்று காலைக் கட்டி வாசலில் கிடந்தது. அவள் தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், கடக்கும்போது அவள் கையைப் பார்த்தார்கள். பாண்டியம்மாள் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுவந்து, "டீச்சர் கையால தலயத் தொட்டு விடுங்க" என்றாள். ஆலையில் மருந்து ரூமுக்கு வெள்ளையடித்தார்கள், தரையைச் சாணி போட்டு மெழுகினார்கள், அதற்கு லேப் என்று பெயர் வைத்தார்கள். தையல்காரர் வந்து மாரிக்கனியின் தோளையும் கையையும் அளந்துகொண்டு போனார். குருவையா அந்த வெள்ளைக் கோட்டைத் தாம்பாளத்தில் வைத்து, சீர் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்து கொடுத்தார்.

"பருத்தித் துணிதான் டீச்சர். நைலான் அங்க ஆகாது பாருங்க, உராஞ்சா பொறி வரும்."

தலைமை ஆசிரியைகூட அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "கலக்குறது விடிகாலையிலதானே? முதல் பீரியடு உங்களுக்கு வராம டைம்டேபிள மாத்திப் போட்டுத் தர்றேன். குளிச்சிட்டு நிதானமா வாங்க. நம்ம ஸ்கூலுக்கே பெருமதான்." சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாரிக்கனி முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இரண்டில் எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. கலந்தால் ஊர் சாப்பிடும். கலந்த அன்றைக்கே அந்தப் பழைய பயமும் வேலைக்குத் திரும்பிவிடும், எல்லார் வீட்டுக்கும். கலக்காவிட்டால் அம்மாவுக்கு உயிர் இருக்கும், அடுப்பில் நெருப்பு இருக்காது. இதை அவள் மனதுக்குள் ஒரு கணக்கைப் போலத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று மிச்சம் விழுந்தது.

பிறகு ஒரு நாள் முத்துக்கொடி பள்ளிக்கு வரவில்லை. சாயந்தரம் அவள் அம்மா, மகளின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு மாரிக்கனியின் வீட்டுக்கு வந்தாள்.

"இத ஸ்கூல்லயே வச்சுக்கோங்க டீச்சர், வேற யாருக்காச்சும் ஆவும். நாளக்கி இவளுக்கு வேன் வருது, நூல் மில்லுக்கு."

முத்துக்கொடி வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "நான் சொல்லியிருக்கக் கூடாதுல்ல டீச்சர்?" என்றாள்.

மாரிக்கனி பையை வாங்கவில்லை. "அவள அனுப்பாதீங்க" என்றாள். தன் குரல் தனக்கே கேட்காததுபோல் இன்னொரு தடவை சொன்னாள். "அனுப்பாதீங்க. நாளக்கி ஒரு நாள் நான் போயிப் பாக்குறேன்."

உள்ளே வேலுத்தாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

மாரிக்கனியிடம் யாரிடமும் சொல்லாத ஒரு திட்டம் இருந்தது. ஒரு நினைப்பால் பிரிந்ததை ஒரு நினைப்பால் பிரிந்தபடியே வைத்திருக்கவும் முடியும். மருந்துக்குள் கையை விடும்போது பிரிந்து நில், பிரிந்து நில் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லார் கண் முன்னாலும் அது பிரிந்துவிடும். டீச்சர் கையும் ஆகவில்லை என்று ஊர் விட்டுவிடும். முத்துக்கொடிக்கு ஏதாவது வழி செய்துகொள்ளலாம். இப்படி நினைத்துக்கொண்டுதான் அவள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, வெறும் காலோடு, சாணி மெழுகிய அந்த அறைக்குள் போய், விரித்த காகிதத்தின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். குருவையா வாசலுக்கு வெளியே தள்ளி நின்றார். அவருக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், ஊரே நின்றது, ஒரு குழந்தைகூட அழவில்லை.

கையை வைத்தாள். பிரிந்து நில் என்றாள். பொடி குளிர்ந்து கிடந்தது. அதன் மென்மையை அவள் எதிர்பார்க்கவில்லை. அம்மா இத்தனை வருஷமாகத் தொட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா என்று நினைத்தாள். பிரிந்து நில் என்று மறுபடி சொன்னாள், ஆனால் அதற்குள் காலியான பெஞ்சுகள் நினைவுக்கு வந்துவிட்டன, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் முத்துக்கொடியின் அம்மா வந்துவிட்டாள், காலைக் கட்டிய கோழி வந்துவிட்டது, வேலிக்கு அந்தப் பக்கம் மூச்சடக்கி நிற்கும் முகங்கள் வந்துவிட்டன. வாய் ஒன்று சொல்ல நெஞ்சு வேறொன்றைக் கேட்டது. அவளுக்கு நெஞ்சிலும் பொய் சொல்ல வராது. வெள்ளை மஞ்சளுக்குள் போனது, மஞ்சள் வெள்ளிக்குள் போனது. அவள் கையை எடுத்தபோது காகிதத்தின் மேல் மழை மேக நிறத்தில் ஒரே மருந்து கிடந்தது, அசையாமல், அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

குருவையா ஒரு சிட்டிகையைத் தாளில் எடுத்துக்கொண்டு களத்தின் கோடிக்குப் போனார். அவர் கை பட்டும் அது பிரியவில்லை. நீளக் குச்சியின் நுனியில் ஊதுபத்தியைக் கட்டி நீட்டினார். வெளிச்சம் முதலில் வந்தது, சத்தம் பின்னால் வந்தது. காக்கைகள் மொத்தமாகக் கிளம்பி ஊருக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போயின. வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் குலவையிட்டார்கள். முத்துக்கொடியின் அம்மா கீழே விழுந்து, மாரிக்கனி நின்ற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வேலுத்தாய் மட்டும் கும்பிடவில்லை. அவள் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள், சத்தம் அடங்கிய பிறகும்.

மாரிக்கனி கலந்தது மட்டும்தான் சேர்ந்து நின்றது. அதே காகிதத்தில் வேலுத்தாய் கையை வைத்து அளாவியபோது புதிதாய்க் கொட்டிய பொடி பழையபடி மூலைக்கு மூலை போனது. ஆக ஒரு நாள் பார்க்கிறேன் என்று சொன்னது ஒரு நாளோடு நிற்காது என்பதைச் சொல்லாமலே எல்லாரும் புரிந்துகொண்டார்கள். அன்று மத்தியானமே எல்லா வீட்டு அடுப்பிலும் புகை வந்தது. குழாய் சுற்றுபவர்களையும் பெட்டி ஒட்டுபவர்களையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். முத்துக்கொடி தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினாள்.

மறுநாள் விடியும்போது ஆலை வேன் வந்தது. அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். ஆலை வாசலில் இறங்கியதும் வேலுத்தாய் குருவையாவிடம் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சலிக்கிறதுக்கு அவ கூட ஒரு ஆளு வேணும்ல. நான் இருக்கேன். எனக்குத்தான் பழக்கம்."

குருவையா தலையாட்டவில்லை. "ஒனக்குத் தெரியாததா? ஒரே வீட்டாளுங்க ரெண்டு பேர ஒரு ரூம்ல போடுறது இல்லையே. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, வீட்டுல ஒரு ஆளாச்சும் மிஞ்சணும்ல." அவர் கடுமையாகச் சொல்லவில்லை. அந்த ஆலையில் அது அன்போடு கடைப்பிடிக்கிற வழக்கம். "நீ தெக்க, திரி ரூமுக்குப் போ. அது நல்ல தூரந்தான்."

வேலுத்தாய் மகளிடம் திரும்பி வந்தாள். மாரிக்கனி வெள்ளைக் கோட்டின் கையை மடித்துக்கொண்டு நின்றாள், பரீட்சை எழுதப் போகிறவளைப் போல. வேலுத்தாய் குனிந்து அவள் கொலுசைக் கழற்றினாள். வளையலைக் கழற்றினாள். சேலைத் தலைப்பிலிருந்த ஊக்கை எடுத்தாள், கழுத்துச் சங்கிலியின் கொக்கியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். உள்ளே போகிறவர்கள் மேலே இரும்போ வேறெதுவோ இருக்கக் கூடாது, ஒன்றோடு ஒன்று உரசினால் போதும். எல்லாவற்றையும் வாட்ச்மேனின் டப்பாவில் போட்டுவிட்டு வந்து, மகளைத் திருப்பி நிறுத்தி, தலைமுடிக்குள் விரலை விட்டுத் தேடினாள். ஒரு கொண்டை ஊசி வந்தது. இன்னொன்று வந்தது.

"அவ்வளவுதாம்மா" என்றாள் மாரிக்கனி.

வேலுத்தாய் பின்னலை அவிழ்த்தாள். மறுபடி மேலிருந்து தொடங்கி, வகிடு வகிடாகப் பிரித்து, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் விரல் நுனியால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. வெள்ளையடித்த அறையின் வாசலிலிருந்து குருவையா கூப்பிட்டார்.

"டீச்சர், வெயில் ஏறிரும். வாங்க."

"இரு" என்றாள் வேலுத்தாய், அவருக்கா மகளுக்கா என்று தெரியாமல். "இரு, இன்னும் ஒண்ணு இருக்கும்."

குருவையா மறுபடியும் கூப்பிட்டார். வேலுத்தாய் முடியைத் திரும்பவும் இரண்டாகப் பிரித்து, முதலிலிருந்து தேட ஆரம்பித்தாள்.